ஓடும் தண்ணீரின் கீழ் ஒரு கை

தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு, முறுக்கு வெந்துகொண்டிருந்த வாணலியிலிருந்து ஒரு கரண்டி எண்ணெய் என் மகளின் முன்கையில் விழுந்தது. அவளுக்கு அப்போது ஆறு வயது. பாட்டியின், அதாவது என் அம்மாவின், பக்கத்தில் உட்கார்ந்து, அச்சிலிருந்து மாவு சுற்றிச் சுற்றி இறங்குவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவள், தாம்பாளத்திலிருந்து ஒரு முறுக்கை எடுக்கக் கை நீட்டியிருக்கிறாள். ஜல்லிக்கரண்டி தட்டிவிட்டது.

அம்மா முறுக்கு மாவை அள்ளிக்கொண்டு நெருங்கினாள். பெரியம்மா, "இங்க் பாட்டில் எங்கடா, இங்க் பாட்டில்" என்று அலமாரியைத் துழாவினாள். நான் குளியலறைக்குள் பாய்ந்து பற்பசையோடு திரும்பினேன். ஒருவர் செய்வதை மற்றவர் பார்க்கவில்லை. குழந்தையைக்கூட யாரும் பார்க்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. எல்லோர் கண்ணிலும் காயம் மட்டும்தான் இருந்தது. அதை மூட ஏதாவது கிடைக்காதா என்று தேடிக்கொண்டிருந்தோம்.

பக்கத்து வீட்டில் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவர் இருந்தார். அலறல் கேட்டுக் கொல்லைப்புறமாக வந்தவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. குழந்தையைத் தூக்கிப்போய்த் துவைக்கிற கல்லின் மேல் உட்காரவைத்து, குழாயைத் திறந்து, அதன் கீழ் அந்தக் கையை நீட்டிப் பிடித்தார். கண்ணாடி வளையலைப் பதமாகக் கழற்றி என்னிடம் நீட்டினார். பிறகு அம்மாவைப் பார்த்து, "அக்கா, மாவைக் கீழ வைங்க. ஒண்ணும் தடவ வேணாம். இருபது நிமிஷம் தண்ணி ஓடட்டும், மணி பாத்துக்கங்க" என்றார்.

"வெறும் தண்ணியா?" என்றாள் அம்மா.

அந்தக் கேள்வி இன்றுவரை என்னைவிட்டுப் போகவில்லை. குழந்தை துடிக்கிறது, தோல் சிவந்து கொப்புளம் கிளம்புகிறது, வீடே நடுங்கிப்போய் நிற்கிறது. இவ்வளவு பெரிய துன்பத்துக்கு எதிரே குழாய்த் தண்ணீரைக் கொண்டுவந்து நிறுத்துவது நமக்கு ஏதோ அலட்சியம்போலப் படுகிறது. துன்பம் எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு மருந்தும் அரிதாக, கடினமாக இருக்க வேண்டும் என்று மனம் எதிர்பார்க்கிறது.

எண்ணெய் விழுந்த கணத்தோடு சுடுதல் முடிந்துவிடுவதில்லை. 180 டிகிரியை ஒட்டிக் காய்ந்த எண்ணெய் விட்டுச்சென்ற வெப்பம் தோலில் தங்கி, மேல்தோலைக் கடந்து அடித்தோலை நோக்கி இறங்கிக்கொண்டே இருக்கிறது. கண்ணுக்கு முடிந்துபோனதாகத் தெரிவது உள்ளே இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ஓடும் தண்ணீர் அந்த வெப்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே அழைத்துப் போகிறது. மாவும் பற்பசையும் அதை உள்ளேயே வைத்துப் பூட்டுகின்றன. மை தோலின் நிறத்தை மறைக்கிறது. அந்த நிறத்தைப் பார்த்துத்தான் காயத்தின் ஆழத்தை மருத்துவர் அறிய வேண்டும். பூசியதையெல்லாம் பிறகு யாரோ வழித்தெடுக்க வேண்டியிருக்கிறது. அப்போது குழந்தை இரண்டாம் முறை அலறுகிறது.

இவையெல்லாம் நாம் கேள்விப்படாதவை அல்ல. பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம், மருத்துவமனைச் சுவரில் பார்த்திருக்கிறோம். அப்படியிருந்தும் கை ஏன் மாவுக்குப் போகிறது? படித்தவன் என்று பெயரெடுத்த என் கை ஏன் பற்பசைக்குப் போனது? நெடுநாள் யோசித்து எனக்குக் கிடைத்த விடை இதுதான். நம் பிள்ளை துடிப்பதைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நிற்பது நமக்குத் தாங்க முடியாத வேதனை. அந்த வேதனையிலிருந்து தப்பிக்கவே எதையாவது எடுத்துத் தடவுகிறோம். தடவியதும் நெஞ்சு கொஞ்சம் இறங்குகிறது, ஏதோ செய்துவிட்டோம் என்று. குழந்தையின் கையில் அன்று நாங்கள் பூசப் போனது எங்கள் பதற்றத்தைத்தான்.

வெட்டுக்காயத்தில் அப்பிய காப்பித்தூளும், வண்டிச் சக்கரத்தில் காலை விட்டுக்கொண்ட பையனுக்குக் குழைத்துப் போட்ட சுண்ணாம்பும் தலைமுறை தலைமுறையாக நற்பெயரோடு வாழ்கின்றன. அதற்கும் காரணம் உண்டு. பெரும்பாலான சிறு காயங்களை உடம்பே ஆற்றிக்கொள்கிறது. ரத்தம் தானே உறைகிறது, தோல் தானே மூடுகிறது. அந்தப் பொறுமையான, கண்ணுக்குத் தெரியாத வேலைக்கான நன்றியை நாம் காப்பித்தூளுக்குச் செலுத்திவிடுகிறோம். பாம்பு கடித்தவர்களில் ஒரு பங்கினருக்கு விஷமே இறங்கியிருக்காது. அவர்கள் பிழைத்துக்கொண்ட பெருமை மந்திரித்தவருக்குப் போகிறது. நம் குறுக்கீட்டையும் மீறி உயிர் தன்னைக் காப்பாற்றிக்கொண்ட நாட்களையெல்லாம் நம் வெற்றிக் கணக்கில் எழுதிவைத்துக்கொண்டிருக்கிறோம்.

மருத்துவ உலகமும் இந்தப் பாடத்தைச் சுலபமாகக் கற்றுக்கொள்ளவில்லை. 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில், துப்பாக்கிக் குண்டு பாய்ந்த காயத்தில் வெடிமருந்தின் நஞ்சு இருக்கிறது என்று நம்பினார்கள். அந்த நஞ்சைப் பொசுக்கக் கொதிக்கும் எண்ணெயைக் காயத்துக்குள் ஊற்றினார்கள். 1537 வாக்கில் தூரின் நகரை ஒட்டி நடந்த போரில் அம்புரோவாஸ் பாரே என்ற இளம் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அதே முறையைத்தான் பின்பற்றிக்கொண்டிருந்தார். காயம்பட்டவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒரு கட்டத்தில் எண்ணெய் தீர்ந்துவிட்டது. வேறு வழியின்றி முட்டையின் மஞ்சள் கரு, ரோஜா எண்ணெய், கற்பூரத் தைலம் மூன்றையும் குழைத்து மிஞ்சியவர்களின் காயத்தில் வைத்துக் கட்டினார். அன்றிரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. எண்ணெய் ஊற்றப்படாதவர்கள் நஞ்சேறிச் செத்துக் கிடப்பார்களோ என்ற பயம். விடிவதற்கு முன்பே எழுந்து போய்ப் பார்த்தார். அவர்கள் ஓரளவு வலி தணிந்து உறங்கியிருந்தார்கள். எண்ணெய் ஊற்றப்பட்டவர்கள் காய்ச்சலிலும் வீக்கத்திலும் துடித்துக்கொண்டிருந்தார்கள். இனி எந்தக் காயத்தையும் அப்படிச் சுடுவதில்லை என்று அவர் அன்று முடிவெடுத்தார்.

இந்த நிகழ்ச்சியில் என்னை மிகவும் பாதிப்பது அந்த உறக்கமில்லாத இரவு. பாரே கொடுமைக்காரர் இல்லை. நோயாளிகளுக்காகக் கண்விழித்த மனிதர். கொதிக்கும் எண்ணெயை ஊற்றிய கையும் கருணையின் கைதான். கருணை இருந்தும் அது தீங்கு செய்தது. அதைத் தடுத்து நிறுத்தியது காலியான ஒரு பாத்திரம். எண்ணெய் தீர்ந்துபோனதால் அவருக்கு உண்மை தெரிந்தது. நம் வீட்டு அலமாரிகளில் எண்ணெய் தீர்வதே இல்லை.

முதலுதவி என்ற சொல்லை இப்போதெல்லாம் நான் இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறேன். அது முதல் உதவி. பின்னால் இன்னோர் உதவி வரவிருக்கிறது, அதற்கு வழிவிட்டு நிற்பது அது. முழு வைத்தியத்தையும் நம் கையாலேயே முடித்துவிட வேண்டும் என்ற ஆசைக்கு அந்தச் சொல்லில் இடமில்லை. முதல் என்றால் வியாபாரத்தில் போடும் முதல் என்றும் பொருள். காயம்பட்ட முதல் சில நிமிடங்களில் நாம் கெடாமல் காத்துக் கொடுப்பதே பின்னால் வரும் மருத்துவருக்கு முதல். முதலையே அழித்துவிட்டுக் கொண்டுபோய் நிறுத்தினால் அவர் நஷ்டத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

பாம்பு கடித்த காலில் கயிற்றை இறுக்கிக் கட்டுவதை எடுத்துக்கொள்வோம். கண்ணாடி விரியனின் நஞ்சு தசையை அழிக்கும் தன்மையுடையது; கட்டு அதை ஓரிடத்தில் தேக்கி, ரத்த ஓட்டத்தையும் நிறுத்தி, சில வேளைகளில் காலையே பலி வாங்கிவிடுகிறது. ஆனால் கட்டாமல் கொண்டுபோனால் ஊர் கேட்கும், உறவு கேட்கும், நம் மனமே கேட்கும். உயிரைக் காக்கும் முறிமருந்தின் கதையோ வேறிடத்தில் தொடங்குகிறது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978 முதல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்கிவருகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் இருளர்கள் பிடித்துவந்து, சில வாரங்கள் பானையில் வைத்திருந்து நஞ்செடுத்துவிட்டு, மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சு குதிரையின் உடலில் சிறிது சிறிதாகச் செலுத்தப்பட்டு, அதன் குருதியில் முறிமருந்து உருவாகிறது. வரப்பில் கடிபட்ட ஓர் உழவரின் உயிருக்குப் பின்னால் இருளரின் விரல்கள், குதிரையின் குருதி, மருந்தகக் குளிர்பெட்டி, ஊசி போடும் செவிலியரின் கை என்று எத்தனை பேர் ஏற்கெனவே வேலை செய்து முடித்திருக்கிறார்கள்! அந்த நீண்ட சங்கிலியில் நம் பங்காக மிஞ்சுவது, கடிபட்ட காலை அசையாமல் வைத்துச் சீக்கிரம் கொண்டுசேர்ப்பது மட்டும். இவ்வளவு சிறிய பங்கை ஏற்கப் பெரிய மனம் வேண்டியிருக்கிறது.

இதைச் சொல்லும்போது ஓர் அச்சமும் எனக்கு வருகிறது. எதையும் தொடாமல் நிற்பதைப் போற்றினால், சாலையில் ரத்த வெள்ளத்தில் கிடப்பவரைச் சுற்றிக் கைப்பேசியை உயர்த்திப் பிடித்து நிற்கும் கூட்டத்துக்கு அது நியாயமாகிவிடாதா? பதறாமை வேறு, பாராமுகம் வேறு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி நிற்கும். பதறாதவரின் கண் அடிபட்டவர் மேல் இருக்கிறது; ரத்தம் பீறிடும் இடத்தைத் துணியால் அழுத்தியபடி, அடுத்த மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. மற்றவரின் கண் தன்மேல் இருக்கிறது: போலீஸ் கேட்குமா, கோர்ட்டுக்கு அலைய வேண்டுமா என்று. அந்தப் பயத்தை நீக்கவே, உதவுபவர்களுக்குப் பாதுகாப்பளிக்கும் நெறிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016இல் சட்ட வலு கொடுத்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்திலும் அந்தப் பாதுகாப்பு இடம்பெற்றது. விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கும் திட்டம் தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கியது. பயப்படக் காரணங்கள் குறைந்திருக்கின்றன. பாராமுகத்துக்கு மட்டும் எந்தச் சட்டத்தாலும் மருந்து தர முடியாது.

அன்பின் அவசரம் எவ்வளவு தூரம் போகும் என்பதை மலக்குழிச் சாவுகளில் காண்கிறோம். உள்ளே இறங்கிய ஒருவர் மயங்கி விழுகிறார். மேலே நின்ற அண்ணனோ நண்பனோ ஒரு கணமும் யோசிக்காமல் குதிக்கிறார். அவரும் எழுவதில்லை, மூன்றாமவர் இறங்குகிறார். குழியில் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். அளவு கூடியதும் மோப்ப நரம்பையே மரத்துப்போகச் செய்துவிடும். வாடை போய்விட்டது என்று மனிதர் நம்பும் இடத்தில் மரணம் நின்றுகொண்டிருக்கிறது. உதவிக்குக் குதித்தவரைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. அந்தக் கணத்தில் குதிக்காமல் நிற்கச் சொல்வது மனித இயல்புக்கே எதிரானது. நிற்க வேண்டியவர்கள் அதற்கு வெகுநேரம் முன்பே, முதல் மனிதரைக் கூலி பேசிக் குழிக்குள் அனுப்பியபோது நின்றிருக்க வேண்டும். மனிதர் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இலும் 2013இலும் சட்டம் போட்டோம். சாவுக்கான இழப்பீட்டை 2023இல் உச்ச நீதிமன்றம் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. ஆனாலும் குறிப்பிட்ட சாதிகளில் பிறந்தவர்களே இன்றும் அந்தக் குழிகளுக்குள் இறக்கப்படுகிறார்கள் என்பதை மறைத்துவிட்டு இங்கே பாதுகாப்பைப் பற்றிப் பேசுவது பாவம்.

விபத்து நடக்கும் கணம் மிகச் சிறியது. அதற்கு முன்னால் கிடக்கும் நேரமோ நீண்டது. அந்த நேரத்தில்தான் நம் கை செய்யும் சிறு காரியங்கள் ஒளிந்திருக்கின்றன. தெருவில் மூன்று சக்கர வண்டியில் "ஆசிட்டு, பினாயிலு, பிளீச்சிங் பவுடரு" என்று கூவிக்கொண்டு வருபவரிடம் நாம் என்ன கொடுக்கிறோம்? குளிர்பானம் குடித்து முடித்த பழைய பாட்டிலை. வீட்டில் மண்ணெண்ணெயும் அப்படியொரு பாட்டிலில்தான் இருந்தது. அந்த வடிவம் குழந்தைக்குத் தெரியும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத வயதில், தாகம் தீர்க்கும் பொருளின் அடையாளமாக அதன் கண்ணில் பதிந்திருப்பது அந்தப் பாட்டிலின் கழுத்தும் மூடியும். பாட்டில் குடிக்கலாம் என்று சொல்கிறது. உள்ளே இருப்பது கொல்கிறது. அந்தப் பாட்டிலைப் பொய் சாட்சி சொல்ல வைத்தவர்கள் நாம்தான். மண்ணெண்ணெய் குடித்த குழந்தையின் தொண்டையில் விரலை விட்டு வாந்தியெடுக்க வைக்கப் பாய்வதும் அதே பதற்றம்தான். வயிற்றில் இருந்தபோது செய்யாத கேட்டை, திரும்பி வரும் வழியில் நுரையீரலுக்குள் புகுந்து அது செய்துவிடும்.

பீகாரின் சாரண் மாவட்டத்தில் கண்டாமன் என்ற கிராமத்துப் பள்ளியில் 2013 ஜூலை 16 அன்று மதிய உணவு சாப்பிட்ட குழந்தைகளில் 23 பேர் இறந்தார்கள். உணவில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்தது. முன்பு அந்த நஞ்சு இருந்த பாத்திரத்தில் சமையல் எண்ணெய் வைக்கப்பட்டிருந்தது என்று விசாரணையில் சொல்லப்பட்டது. சாப்பாட்டின் ருசி சரியில்லை என்று பிள்ளைகள் சொன்னதாகவும் செய்திகள் வந்தன. ஒரு பாத்திரத்தைத் தூக்கி எறியாமல் விட்டது, ஒரு பிள்ளையின் சொல்லைக் காதில் வாங்காமல் விட்டது. தனித்தனியாகப் பார்த்தால் நம் வீடுகளில் நாள்தோறும் நடக்கும் சின்ன விஷயங்கள். 23 என்ற எண்ணின் முன்னால் அவை சின்னவையாக இருக்க மறுக்கின்றன.

நஞ்சு எந்தப் பொருளிலும் நிரந்தரமாகக் குடியிருப்பதில்லை. நாம் அதை வைக்கும் இடமும் சேர்க்கும் துணையும் அதன் குணத்தை மாற்றுகின்றன. 1847இல் வியன்னாவின் மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ், பிரசவம் பார்க்கும் மருத்துவர்கள் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வேண்டும் என்று விதித்தார். தாய்மார்களின் சாவு சட்டென்று குறைந்தது. அந்தச் சுண்ணாம்பின் தம்பிதான் நம் பிளீச்சிங் பவுடர். அதன்மேல் ஆசிட்டையும் ஊற்றினால் தரை இன்னும் வெளுக்கும் என்று எண்ணி, காற்று நுழையாத சிறு கழிவறையில் இரண்டையும் சேர்ப்பவர், முதல் உலகப் போரில், 1915 ஏப்ரலில், ஈப்ர் போர்முனையில் படைவீரர்களின் நுரையீரலை எரித்த அதே குளோரின் வாயுவைத் தன் கையால் உண்டாக்கிக்கொள்கிறார். பெரும்பாலும் அவர் பிறர் வீட்டைச் சுத்தம் செய்து பிழைக்கும் ஒரு பெண். போதும் என்று நிற்கத் தெரியாத நம் மனம் இங்கேயும் வேலை செய்கிறது: ஒன்று நல்லதென்றால் இரண்டு இன்னும் நல்லது.

சும்மா இருப்பதை நம் ஞான மரபு மிக உயர்ந்த நிலையாக வைத்துப் பேசியிருக்கிறது. அதை நாம் துறவிகளுக்கு உரியதென்று ஒதுக்கிவிட்டோம். அடுப்படியில் நிற்கும் ஒரு தாய்க்கும், விபத்து நடந்த சாலையில் இறங்கி ஓடும் ஓர் இளைஞனுக்கும், பிள்ளைகளுக்குச் சோறு பரிமாறும் ஓர் ஆசிரியைக்கும் அது எவ்வளவு தேவைப்படுகிறது என்று நாம் எண்ணிப் பார்க்கவில்லை. அன்புக்கு நம் வீடுகளில் பஞ்சமில்லை, வேகத்துக்கும் பஞ்சமில்லை; அன்பு எழும் கணத்துக்கும் கை நீளும் கணத்துக்கும் நடுவே ஒரு மூச்சளவு இடம் வேண்டும், அந்த இடத்தில் நின்று, இவருக்கு இப்போது வேண்டியது என்ன, என் மனம் ஆறுவதற்காக நான் செய்ய விரும்புவது என்ன என்று இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும், பிரித்துப் பார்க்கத் தெரிந்தபின் முதலாவதை மட்டும் செய்துவிட்டு இரண்டாவதன் வேதனையைத் தானே சுமந்துகொண்டு நிற்க வேண்டும் என்றால், அந்த நிற்றல், குகையில் கண்மூடி அமர்ந்த எந்தத் தவத்துக்கும் குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அன்று அந்தச் செவிலியம்மா சரியாக இருபது நிமிடம் நின்றார். ஐந்தாவது நிமிடத்தில் குழந்தையின் அழுகை விம்மலாக மாறியது. பத்தாவது நிமிடத்தில், "பாட்டி, குளிருது" என்றாள். அம்மா முந்தானையால் அவள் தோளைப் போர்த்திவிட்டு, அந்தக் கையைத் தான் பிடித்துக்கொள்வதாகச் சொல்லி இடம் மாறிக்கொண்டாள். விரலிடுக்கில் காய்ந்திருந்த முறுக்கு மாவு அந்தத் தண்ணீரில் கரைந்து வெள்ளையாக ஓடியது. பெரியம்மா கடைசியில் கண்டுபிடித்த மைப்புட்டியோடு வாசற்படியில் அப்படியே நின்றிருந்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொன்னேன். செவிலியம்மா வெளுத்த துணியொன்றை எடுத்துவரச் சொன்னார். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிக்கச் சொன்னார். "போதும் அக்கா, குழாயை மூடுங்க" என்றார்.

அம்மா மூடவில்லை. "இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டுமே" என்றாள்.